அம்மா வீட்டு மேல லியன் போடப்போறோம்னு லெட்டர் வந்திருக்கு, வீடு போயிடுமா?

வைகைக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க மினசோட்டால இருக்கோம், ரெண்டு நாளா வீட்ல யாருக்கும் தூக்கம் இல்ல, இங்க யாராவது இதை அனுபவிச்சவங்க இருப்பீங்கன்னு நம்பி எழுதறேன்.

அப்பா 1979ல இங்க வந்தார். முப்பது வருஷம் வேலை பார்த்து கடனை அடைச்சு ஒரு வீடு வாங்கினார், 2016ல தவறிட்டார். வீடு இப்ப அம்மா பேர்ல மட்டும்தான் இருக்கு. அம்மாவுக்கு 81 வயசு, சிட்டிசன். 2021 கடைசிலேர்ந்தே மறதி ஆரம்பிச்சிருச்சு. அடுப்பை அணைக்காம விட்டுடறது, ராத்திரி கதவைத் திறந்துக்கிட்டு பனில போய் நிக்கறதுன்னு ஆனப்ப அக்கா அரிசோனால பார்த்துட்டிருந்த வேலையை விட்டுட்டு 2022 ஆகஸ்ட்ல அம்மா கூடவே வந்து தங்கிட்டா. குளிப்பாட்டறது, மாத்திரை, சாப்பாடு எல்லாமே அவதான். நான் வாரக்கடைசில போய்ட்டு வருவேன், உண்மையைச் சொன்னா பாரம் முழுக்க அக்கா தலைல.

2025 ஜனவரில அம்மா பாத்ரூம்ல விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சிருச்சு. ஆபரேஷன் முடிஞ்சு நர்சிங் ஹோம்ல சேர்த்தோம். மெடிகேர் (வயசானவங்களுக்கான அரசு இன்சூரன்ஸ்) 100 நாள் தரும்னு நெனச்சோம், ஆனா முதல் 20 நாள்தான் முழுசா, 21வது நாள்லேர்ந்து அந்த வருஷக் கணக்குல ஒரு நாளைக்கு 209.50 டாலர் நாம கட்ட வேண்டியிருந்துது, அதுவும் இனிமே தெரபில முன்னேற்றம் இல்லன்னு சொல்லி 60 நாள் சுமாருக்கு நிறுத்திட்டாங்க. அதுக்கப்புறம் அம்மா சேமிப்பு மொத்தமும் நர்சிங் ஹோமுக்கே போச்சு. கையிருப்பு 3,000 டாலருக்குக் கீழ வந்த பிறகு மெடிகெய்ட், அதாவது வசதி இல்லாதவங்களுக்கான அரசு மருத்துவ உதவி, இந்த மாநிலத்துல அதுக்கு மெடிக்கல் அசிஸ்டன்ஸ்னு பேர், அது கிடைச்சுது.

இப்ப ஸ்டேட்லேர்ந்து லெட்டர். அம்மா திரும்ப வீட்டுக்கு வருவாங்கன்னு எதிர்பார்க்க முடியாது, அதனால வீட்டு மேல லியன், அதாவது அவங்க செலவழிச்ச பணத்துக்கு ஒரு கடன் உரிமை, பதிவு பண்ண உத்தேசிச்சிருக்கோம்னு எழுதியிருக்கு. அக்கா அதைப் படிச்சுட்டு "அப்ப நான் எங்கடா போவேன்"னு கேட்டா, எனக்கு பதில் சொல்லத் தெரியல. வீடு சுமார் 3,40,000 டாலர் போகும். நான் வேற வீட்ல இருக்கேன், எனக்கு அதுல பங்கு வேண்டாம். தம்பி சென்னைல இருக்கான், அவன்கிட்ட இன்னும் பேசல.

வீட்டைக் காலி பண்ணச் சொல்வாங்களா? எங்க சம்பளத்துலேர்ந்து பிடிப்பாங்களா? யாராவது சொல்லுங்க.

சேலத்தான்:

ப்ரோ பயப்படாதீங்க. லியன் பதிவாகறதுக்கு முன்னாடி வீட்டை உங்க பேருக்கு மாத்திடுங்க, ஒரு டாலருக்கு வித்த மாதிரி டீட் (பத்திரம்) எழுதினா போதும். அம்மா பேர்ல ஒண்ணுமே இல்லன்னா யாரு என்ன பண்ண முடியும். எங்க ஆபீஸ்ல ஒருத்தர் அப்படித்தான் பண்ணாராம்.

கொங்குச்செல்வி:

வைகைக்கரை தம்பி, மேல சொன்னதை மட்டும் தயவுசெஞ்சு செஞ்சுடாதீங்க. சேலத்தான் நல்ல மனசோடதான் சொல்றாருங்க, ஆனா எங்க குடும்பம் அதே யோசனையைக் கேட்டுத்தான் நொந்து போச்சு.

என் மாமனாருக்கு பக்கவாதம் வந்தப்ப கோயில்ல பழக்கமான ஒருத்தர், ரியல் எஸ்டேட் பண்றவர், உடனே பையன் பேருக்கு எழுதிடுங்கன்னாரு. எழுதிட்டோம். எட்டு மாசம் கழிச்சு மெடிகெய்டுக்கு அப்ளை பண்ணினா அஞ்சு வருஷத்துப் பேப்பர் மொத்தம் கேட்டாங்க, டீட் மாத்தினது முதல் பக்கத்துலயே வந்து நிக்குதுங்க. வீட்டோட மதிப்பை அந்த மாநிலத்துல நர்சிங் ஹோமுக்கு ஆகற சராசரி மாசச் செலவால வகுப்பாங்க, எத்தனை வருதோ அத்தனை மாசத்துக்கு மெடிகெய்ட் கிடையாது. கணக்குக்கு சொல்றேன், 3,00,000 டாலர் வீடு, மாசம் 10,000னு வச்சுக்குங்க, 30 மாசம் ஆச்சு. அந்த 30 மாசமும் டீட் எழுதின நாள்லேர்ந்து ஆரம்பிக்கறதில்லைங்க, கையில காசெல்லாம் தீர்ந்து நர்சிங் ஹோம்ல படுத்திருந்து மெடிகெய்டுக்கு மத்தபடி தகுதி ஆகற நாள்லேர்ந்துதான் எண்ணுவாங்க. 2006 பிப்ரவரிலேர்ந்து சட்டம் அப்படி. அதாவது காசே இல்லாத நேரத்துலதான் தண்டனை ஓடும். நாங்க வீட்டைத் திரும்ப மாமனார் பேருக்கே எழுதி, மறுபடி அப்ளை பண்ணி, நடுவுல ஏழு மாச பில்லை நாங்க ரெண்டு குடும்பமும் சேர்ந்து கட்டினோம். மாமனார் அதை நெனச்சு நெனச்சே அழுவாருங்க, என்னால உங்களுக்குக் கஷ்டம்னு. இன்னைக்கும் என் மனசு ஆறல.

சேலத்தான்:

எனக்கு இவ்ளோ விஷயம் தெரியாதுங்க அக்கா. நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன், வைகைக்கரை ப்ரோ தயவுசெஞ்சு அதை எடுத்துக்காதீங்க.

நெல்லைச்சீமை:

நான் முதியோர் சட்டம் பார்க்கற ஒரு வக்கீல் ஆபீஸ்ல 12 வருஷமா பாராலீகலா இருக்கேன், வக்கீல் இல்ல, அதனால இதை வச்சு கையெழுத்துப் போட்டுடாதீங்க, விவரம் தெரிஞ்சு வக்கீல்கிட்ட போங்கன்னுதான் எழுதுறேன். கொஞ்சம் நீளமா வரும், பொறுத்துக்குங்க.

முதல்ல உங்க ரெண்டு கேள்விக்கு. காலி பண்ணச் சொல்ல மாட்டாங்க. லியன்னா நம்ம ஊர்ல ஈசி போட்டுப் பார்த்தா வில்லங்கம்னு ஒரு வரி வருமே, அதுதான். வீட்டை வித்தாலோ அம்மா காலத்துக்குப் பின்னால கணக்குத் தீர்க்கும்போதோ அந்த வில்லங்கத்தைத் தீர்க்காம கை மாத்த முடியாது, அவ்வளவுதான் அதோட வேலை. உங்க சம்பளம், உங்க வீடு, உங்க தம்பி சொத்து எதையும் தொட முடியாது. அவங்க கேட்கக்கூடியது அம்மா விட்டுட்டுப் போற சொத்துலேர்ந்து மட்டும், அதுவும் அம்மாவுக்கு செலவழிச்ச தொகை வரைக்கும்தான். வீடு 3,40,000 போகுது, செலவு 1,50,000 ஆச்சுன்னா மிச்சம் வாரிசுகளுக்குத்தான். வீட்டையே அரசாங்கம் எடுத்துக்கும்னு ஊர்ல பேசிக்கறது தப்பு.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன், ஏன்னா இதுல படிச்சவங்களே குழம்புறாங்க. லியன் போடறதுக்கு எல்லை ஒண்ணு. அந்த லியனை வச்சு வசூல் பண்றதுக்கு எல்லை இன்னொண்ணு. வீட்டை எழுதிக்கொடுத்தா தண்டனை இல்லன்னு விலக்கு கொடுக்கறது மூணாவது. மூணும் ஃபெடரல் சட்டத்துல ஒரே பிரிவுல பக்கத்துப் பக்கத்துல இருக்கு, ஆனா மூணுலயும் ஆட்கள் பட்டியல் ஒரே மாதிரி இல்ல. எல்லாத்தையும் ஒண்ணா நெனச்சுக்கிட்டுதான் நிறைய குடும்பம் ஏமாறுது.

உயிரோட இருக்கறவங்க வீட்டு மேல லியன் போட 1982லதான் மாநிலங்களுக்கு அனுமதி கொடுத்தாங்க, அதுவும் கட்டுப்பாட்டோட. அவங்க நர்சிங் ஹோம் மாதிரி ஒரு இடத்துல இருக்கணும், வருமானத்துல கைச்செலவுக்கு ஒரு சின்னத் தொகை போக மத்ததெல்லாம் அங்கயே கட்டிட்டிருக்கணும், இவங்க திரும்ப வீட்டுக்கு வர வாய்ப்பில்லன்னு ஸ்டேட் முடிவு பண்ணணும். அந்த முடிவுக்கு முன்னாடி நோட்டீஸ் கொடுக்கணும், நீங்க கேட்டா ஹியரிங் வைக்கணும். உங்களுக்கு வந்திருக்கறது அந்த நோட்டீஸ்தான்னு தோணுது. அதுல அப்பீலுக்கு கடைசித் தேதி போட்டிருக்கும், இன்னைக்கே பாருங்க, அதைத் தவற விட்டா அப்புறம் புலம்பி லாபம் இல்ல. பின்னால அம்மா தேறி வீட்டுக்கு வந்துட்டாங்கன்னா அந்த லியன் கலைஞ்சிரும், இதுவும் சட்டத்துலயே இருக்கு.

லியனே போடக் கூடாதுன்னு இருக்கறது யாரு அந்த வீட்ல இருந்தா? கணவன் அல்லது மனைவி. 21 வயசுக்குள்ள உள்ள பிள்ளை, இல்ல எந்த வயசானாலும் பார்வை இல்லாத அல்லது ஊனமுற்ற பிள்ளை. அப்புறம் கூடப்பொறந்தவங்க, அவங்களுக்கு வீட்ல பங்கு இருந்து, நர்சிங் ஹோம் போறதுக்கு முன்னாடி ஒரு வருஷமாவது அங்க வாழ்ந்திருந்தா. உங்க அக்கா இந்தப் பட்டியல்ல இல்ல. அதனால "அக்கா வீட்ல இருக்கா, எப்படி லியன் போடலாம்"னு ஹியரிங்ல வாதாடினா நிக்காது.

ஆனா வசூல் பண்ணக் கூடாதுங்கற பட்டியல்ல உங்க அக்கா இருக்காங்க! நர்சிங் ஹோம் போறதுக்கு உடனே முன்னால ரெண்டு வருஷமாவது அந்த வீட்லயே குடியிருந்து, தான் கவனிச்சுக்கிட்டதாலதான் அம்மா அவ்வளவு நாள் நர்சிங் ஹோம் போகாம வீட்ல இருக்க முடிஞ்சுதுன்னு காட்டற மகனோ மகளோ, அதுலேர்ந்து தொடர்ந்து அங்கயே இருக்கற வரைக்கும், அந்த லியனை வச்சு வசூல் பண்ண முடியாது. 2022 ஆகஸ்ட்லேர்ந்து 2025 ஜனவரி, 29 மாசம் ஆகுது. 24 மாசம்தான் வேணும். உங்க அக்காகிட்ட முதல்ல போய் இதைச் சொல்லுங்க, எங்க போறதுன்னு கேட்டாங்களே, எங்கயும் போக வேண்டாம்.

இதுல ஒரு கண்ணி இருக்கு. "தொடர்ந்து அங்கயே இருக்கற வரைக்கும்". அக்கா நாளைக்கு வேலை கிடைச்சு வேற ஊர் போனாங்கன்னா அந்தப் பாதுகாப்பு போயிரும், லியன் எழுந்து உக்காரும். அதனாலதான் மூணாவது பட்டியலைப் பார்க்கணும். அதே ரெண்டு வருஷம் பார்த்துக்கிட்ட மகளுக்கு அம்மா வீட்டையே எழுதிக் கொடுக்கலாம், கொங்குச்செல்வி அம்மா சொன்ன தண்டனை மாசக் கணக்கு அதுக்குக் கிடையாது. லியன் பதிவாகறதுக்கு முன்னாடி அது நடந்துட்டா அம்மா பேர்ல வீடே இல்ல. பதிவான பிறகு எழுதினா வில்லங்கத்தோடதான் போகும். உங்க லெட்டர்ல "உத்தேசிச்சிருக்கோம்"னு இருக்கறதா சொல்றீங்க, கவுண்டி ரெக்கார்டர் ஆபீஸ்ல, நம்ம ஊர் பத்திரப் பதிவு ஆபீஸ் மாதிரி, பதிவாயிருச்சான்னு உடனே பாருங்க.

ஆனா அது அக்காவுக்கு மட்டும்தான். உங்க பேரையோ தம்பி பேரையோ கூடச் சேர்த்து எழுதினா அந்தப் பங்குக்கு தண்டனை வந்துரும். தம்பிகிட்ட மனசு விட்டுப் பேசிடுங்க, பின்னால "எனக்குத் தெரியாம எழுதிட்டீங்க"ன்னு வரக்கூடாது. இன்னொண்ணு, மறதி இருக்கற அம்மா கையெழுத்துப் போட முடியுமா? பவர் பத்திரம் முன்னாடியே வாங்கியிருக்கீங்களா, அதுல சொத்தை தானமா எழுத அதிகாரம் இருக்கா, அதுவும் பவர் வாங்கினவங்களே தனக்கு எழுதிக்கலாமான்னு பார்க்கணும். இல்லன்னா கோர்ட் மூலமாத்தான் போகணும், அதுக்கு நாள் ஆகும்.

வைகைக்கரை:

அண்ணே கண்ணு கலங்கிருச்சு. அக்காகிட்ட படிச்சுக் காட்டினேன், ரெண்டு தடவை படிக்கச் சொன்னா. பவர் பத்திரம் 2020ல என் பேருக்கு எழுதினது இருக்கு, தானம் பத்தி என்ன இருக்குன்னு பார்க்கறேன், அக்கா பேருக்கு நான் எழுதறதுன்னா எனக்கு நானே எழுதற சிக்கல் வராதுன்னு நெனைக்கறேன். ரெக்கார்டர் ஆபீஸ்ல நாளைக்கு கேக்கறேன்.

பார்த்துக்கிட்டதை எப்படி நிரூபிக்கறது? மகள் அம்மாவைப் பார்த்துக்கிட்டதுக்கு யாரு ரசீது வச்சிருக்கா.

ஆஸ்டின்காரி:

உங்க மாநிலம் பத்தி எனக்குத் தெரியாது, டெக்சாஸ்ல எங்கப்பா விஷயத்துல நடந்ததைச் சொல்றேன், மாநிலத்துக்கு மாநிலம் எவ்ளோ மாறுதுன்னு மத்தவங்களுக்கும் தெரியட்டும்.

இங்க உயிரோட இருக்கும்போது இந்த மாதிரி லியன் போடறதே இல்ல. இறந்த பிறகு ப்ரொபேட்ல, அதாவது கோர்ட் மூலமா வாரிசுக்குப் போறதுல, வர்ற சொத்து மேல மட்டும் க்ளெய்ம் போடுவாங்க, 2005 மார்ச்லேர்ந்துதான் அந்தத் திட்டம் இருக்கு. அதனால இங்க நிறையப் பேர் லேடி பேர்ட் டீட்னு ஒண்ணு எழுதி வச்சுடறாங்க, உயிரோட இருக்கற வரைக்கும் வீடு அவங்களோடது, விக்கலாம் மாத்தலாம், இறந்ததும் ப்ரொபேட் இல்லாமலேயே பிள்ளை பேருக்குப் போயிடும். எங்கப்பா எழுதல, நாங்களும் கேள்விப்படல. அப்பா இறந்து மூணு வாரத்துல க்ளெய்ம் போட உத்தேசம்னு லெட்டர், கூட ஒரு கேள்வித்தாள். துக்க வீட்ல அதைப் பிரிச்சுப் படிக்க யாருக்கு மனசு வரும், டிராயர்ல போட்டுட்டோம். கொஞ்ச நாள் கழிச்சு எடுத்துப் பார்த்தப்பதான் அதுலயே விலக்கு எல்லாம் வரிசையா எழுதியிருந்தது தெரிஞ்சுது. எங்க அண்ணனுக்கு கல்யாணம் ஆகல, அப்பா கூடவே அதே வீட்ல பல வருஷமா இருந்தான். இங்க அப்படி கல்யாணம் ஆகாத பிள்ளை இறப்புக்கு முன்னாடி ஒரு வருஷமாவது அந்த வீட்டையே முழு நேர வீடா வச்சு இருந்தா க்ளெய்மே கிடையாது. பேப்பரெல்லாம் அனுப்பினோம், க்ளெய்ம் இல்லன்னு பதில் வந்துடுச்சு. நாங்க அந்தக் கேள்வித்தாளை திருப்பி அனுப்பாமலே விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நெனச்சா இப்பவும் பகீர்ங்குது. லெட்டர் வந்தா துக்கமா இருந்தாலும் பிரிச்சுடுங்க, வேற யார்கிட்டயாவது கொடுத்தாவது படிக்கச் சொல்லுங்க.

சான்ஹொசே மாமி:

கலிஃபோர்னியாலயும் மாத்திட்டாளே. 2017 ஜனவரி 1க்கு அப்புறம் தவறினவாளுக்கு ப்ரொபேட்ல வர்ற சொத்து மட்டும்தான், ட்ரஸ்ட்ல வச்சிருந்தா தொட முடியாது, கணவனோ மனைவியோ உயிரோட இருந்தா வசூலே கிடையாது, அவாளுக்குப் பின்னாலயும் கேக்க மாட்டா. அதுக்கு முன்னாடி எங்க தெருவுல ஒரு விதவைக்கு எவ்வளவு அலைக்கழிப்பு! இந்த வசூலை 1993ல காங்கிரஸ்தான் எல்லா மாநிலமும் கட்டாயம் பண்ணியே ஆகணும்னு ஆக்கித்து. சரி, அப்படிப் பண்ணி எவ்வளவு வந்ததுன்னு பாருங்கோ, 2019ல நாடு முழுக்க சேர்த்து சுமார் 733 மில்லியன் டாலர், மெடிகெய்ட் மொத்தச் செலவுல ஆயிரத்துல ஒரு பங்கு மாதிரி. அதுக்காக ஏழைக் குடும்பத்துக்கு இருக்கற ஒரே சொத்தைத் துரத்தறா. மெடிகெய்ட் பத்தி காங்கிரசுக்கு ஆலோசனை சொல்ற கமிஷனே 2021ல இதைக் கட்டாயம் இல்லாம மாநிலங்கள் இஷ்டத்துக்கு விட்டுடுங்கோன்னு எழுதிக் கொடுத்துது. பணக்காரா வக்கீல் வச்சு ட்ரஸ்ட் போட்டுடுவா, மாட்டிக்கறது விவரம் தெரியாதவாதான். எனக்கு இது அநியாயமாப் படறது, வாய விட்டுச் சொல்லாம இருக்க முடியல.

வைகைத்தம்பி_2:

இதே மினசோட்டால எனக்கு ஒரு கேள்வி. எனக்கு 58 வயசு, வேலை போனதுல ஒரு வருஷம் மெடிக்கல் அசிஸ்டன்ஸ்ல இருந்தேன், சும்மா டாக்டர் செக்கப், பிரஷர் மாத்திரை அவ்வளவுதான். 55க்கு மேல இருந்தா அந்தச் செலவு வீட்டு மேல கடனா வரும்னு ஒருத்தர் பயமுறுத்தறார்.

நெல்லைச்சீமை:

58 வயசு தம்பிக்கு முதல்ல. 55 வயசுக்கு மேல நர்சிங் ஹோம், வீட்டுக்கே வந்து பார்க்கற நீண்டகாலப் பராமரிப்பு, அது சம்பந்தமான ஆஸ்பத்திரி, மருந்துச் செலவு, இதையெல்லாம் வசூலிக்கறது ஃபெடரல் கட்டாயம். மத்த சாதாரண வைத்தியச் செலவையும் வசூலிக்கலாமான்னு மாநிலமே முடிவு பண்ணிக்கலாம். மினசோட்டால முன்னாடி எல்லாத்தையும் வசூலிச்சாங்க. 2014ல மெடிகெய்ட் விரிவானப்ப 55லேர்ந்து 64 வயசுக்காரங்க நிறையப் பேர் வெறும் இன்சூரன்ஸ்னு நெனச்சு சேர்ந்துட்டு வீட்டு மேல கடன் ஏறுதுன்னு தெரிஞ்சு கொதிச்சுப் போனாங்க, 2016ல சட்டத்தை மாத்தி நீண்டகாலப் பராமரிப்போட நிறுத்திட்டாங்க, 2014 ஜனவரிலேர்ந்து செல்லும்படியா. நீங்க சொல்ற செக்கப், பிரஷர் மாத்திரைக்கு வீட்டை நெனச்சு பயப்பட வேண்டாம். வேற மாநிலத்துல இருக்கறவங்க இதை அப்படியே எடுத்துக்காதீங்க, சில இடத்துல எல்லாச் செலவையும் இன்னும் வசூலிக்கறாங்க.

வைகைக்கரை, நிரூபணம் பத்தி. ரெண்டு விஷயம் தனித்தனியா காட்டணும். ஒண்ணு, அக்கா அங்கதான் குடியிருந்தாங்கன்னு. டிரைவிங் லைசென்ஸ்ல முகவரி மாத்தினது, டாக்ஸ் ரிட்டர்ன், பேங்க் ஸ்டேட்மென்ட், ஓட்டர் பதிவு, அரிசோனா வீட்டு லீஸ் முடிஞ்ச தேதி, இப்படி தேதி உள்ள காகிதம் எது கிடைச்சாலும். இன்னொண்ணு கஷ்டமானது, அவங்க கவனிப்பு இல்லன்னா அம்மா அப்பவே நர்சிங் ஹோம் போயிருக்கணும்ங்கறது. அதுக்கு டாக்டர் லெட்டர்தான் உயிர்நாடி. "மகள் கூட இருந்து உதவினார்"னு பொதுவா எழுதினா போதாது, 2022லேர்ந்து என்னென்ன நோய், தனியா விட முடியாத நிலை, குளிக்க, சாப்பிட, நடக்க, மாத்திரை எடுக்க எதுக்கெல்லாம் ஆள் வேணும், அந்த ஆள் மகள்தான், இல்லன்னா நிறுவனப் பராமரிப்பு தேவைப்பட்டிருக்கும்னு ஓப்பனா எழுதணும். பழைய மெடிக்கல் ரெக்கார்ட்ல "மகளோட வந்தார், இரவில் வெளியே போகிறார்"னு டாக்டர் குறிச்சு வச்சிருப்பார் பாருங்க, அதெல்லாம் தங்கம். பக்கத்து வீட்டுக்காரர் எழுதிக் கொடுக்கறதும் துணைக்கு வச்சுக்கலாம்.

மினசோட்டாவுல ஒரு வழக்கையும் சொல்லிடுறேன், யாரு பேர்ல எப்ப இருந்துச்சுங்கறது எவ்வளவு முக்கியம்னு புரியும். மில் லாக்ஸ் கவுண்டில பார்க்னு ஒரு குடும்பம். மனைவி நர்சிங் ஹோம்ல இருக்கும்போதே வீட்ல தனக்கிருந்த பங்கை கணவர் பேருக்கு மாத்திக் கொடுத்துட்டாங்க. கணவன் மனைவிக்குள்ள அப்படி மாத்திக்கறதுக்கு தண்டனை கிடையாது. அவங்க இறந்து, பின்னாலயே கணவரும் இறந்ததும் மனைவிக்கு செலவான 1,08,413 டாலரை கணவரோட சொத்துலேர்ந்து கேட்டுச்சு கவுண்டி. 2008ல மாநில உச்ச நீதிமன்றம் முடியாதுன்னுடுச்சு, இறக்கற நேரத்துல மனைவிக்கு அந்த வீட்ல சட்டப்படி பங்கே இல்ல, அப்ப அதுல வசூலிக்க ஃபெடரல் சட்டம் இடம் கொடுக்கலன்னு. எல்லா மாநிலத்துலயும் இப்படித் தீர்ப்பு வந்திருக்குன்னு நெனைக்காதீங்க, ஆனா மினசோட்டா வக்கீலுக்கு இந்தப் பேரைச் சொன்னா உடனே புரியும்.

வைகைக்கரை:

இன்னொரு விஷயம் சொல்லாம விட்டுட்டேன், சொல்லவே பயமா இருக்கு. மேலூர் பக்கம் அம்மா பேர்ல 60 சென்ட் நிலம் இருக்கு, தாத்தா வழில வந்தது, பட்டா அம்மா பேர்லதான். சித்தப்பா பையன்தான் உழறான், நமக்கு அதுலேர்ந்து ஒரு பைசா வந்ததில்ல. மெடிகெய்ட் அப்ளிகேஷன்ல அதை எழுதல. ஊர்ல இருக்கறதைப் போய் இங்க எதுக்குன்னு அப்ப நெனச்சோம், மறைக்கணும்னு இல்ல.

கொங்குச்செல்வி:

சொன்னதே நல்லதுங்க தம்பி. எத்தனையோ பேர் ஊர் நிலத்தை இங்க யாருக்குத் தெரியப் போகுதுன்னு விட்டுடறாங்க.

நெல்லைச்சீமை:

இதை நீங்களே போய்ச் சொல்லிடுங்க, இந்த வாரமே, வக்கீலைப் பார்த்துட்டு அவர் மூலமா. ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, லியன்ல இன்னொரு வகை இருக்கு. தகுதி இல்லாம தவறா கொடுத்த உதவின்னு கோர்ட் தீர்ப்பு வாங்கிட்டா, அந்தத் தீர்ப்பை வச்சு சொத்து மேல லியன் போடலாம். நான் மேல மூச்சு விடாம எழுதின பாதுகாப்பு, கணவன், பிள்ளை, பார்த்துக்கிட்ட மகள், எதுவும் அந்த வகைக்குப் பொருந்தாது. 60 சென்ட் நிலத்துக்காக அக்காவோட வீட்டை அந்தப் பக்கம் தள்ளிடக் கூடாது.

வெளிநாட்டுல இருக்கறதால அது சொத்துக் கணக்குல இல்லன்னு ஆயிடாது. ஆனா உடனே வித்துக் காசாக்க முடியுமாங்கறது ஒரு கேள்வி, அதைக் காகிதத்தோட சொல்லலாம். பட்டா, சிட்டா நகல், வில்லங்கச் சான்று, அரசு வழிகாட்டி மதிப்பு, யாரு உழறாங்க, வேற பங்காளி உரிமை இருக்கா, எல்லாத்தையும் வாங்குங்க. அம்மா அமெரிக்க சிட்டிசன், விவசாய நிலம்னா இந்தியாவுல குடியிருக்கற இந்தியக் குடிமகனுக்குத்தான் விக்கலாம், வாங்கற ஆள் வட்டம் அதுலயே சுருங்குது, அதையும் சொல்லுங்க. சென்னைத் தம்பிக்கு இந்த வேலையைக் கொடுங்க, அவரும் இதுல ஒரு ஆளா ஆயிடுவாரு. அவசரப்பட்டு சித்தப்பா பையன் பேருக்கு மட்டும் எழுதிடாதீங்க, வீட்டுக்கு இருக்கற விலக்கு நிலத்துக்குக் கிடையாது.

வக்கீலுக்குக் காசு யோசனையா இருந்தா மினசோட்டா ஏஜிங் பாத்வேஸுக்கு (முன்னாடி சீனியர் லிங்கேஜ் லைன்னு பேர்) ஃபோன் பண்ணுங்க, மினசோட்டா முதியோருக்கு இலவசமா வழிகாட்டறது, சட்ட உதவிக்கு எங்க போறதுன்னும் சொல்வாங்க. இது எதுவுமே சரி வரலன்னாலும் கடைசியா ஹார்ட்ஷிப் வேவர்னு ஒண்ணு இருக்கு, வசூலிச்சா குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துரும்னு காட்டி விலக்கு கேக்கறது, எல்லா மாநிலமும் அந்த வழியை வச்சே ஆகணும். ஆனா அதை முதல் ஆயுதமா எடுக்காதீங்க.

வைகைக்கரை:

நாலு நாள் கழிச்சு எழுதறேன், எல்லாரும் மன்னிக்கணும்.

ரெக்கார்டர் ஆபீஸ்ல பார்த்தோம், லியன் இன்னும் பதிவாகல. அப்பீல் தேதிக்கு 11 நாள் இருந்துது, ஹியரிங் வேணும்னு எழுதிப் போட்டாச்சு. வக்கீல் அம்மா ஒருத்தர் கிடைச்சாங்க, பார்க் வழக்குன்னு நான் ஆரம்பிச்சதும் நிமிர்ந்து பார்த்தாங்க. பவர் பத்திரத்துல தானமா எழுத அதிகாரம் இருக்குன்னு சொன்னாங்க, அக்கா பேருக்கு டீட் தயார் பண்றாங்க. நிலத்தைப் பத்தி கவுண்டிக்கு லெட்டர் போயிடுச்சு. தம்பிகிட்ட வீடியோ கால்ல பேசினேன், அவன் கொஞ்ச நேரம் பேசாம இருந்தான், அப்புறம் "அக்கா இல்லன்னா அம்மா ரெண்டு வருஷம் முன்னாடியே நர்சிங் ஹோம்தாண்டா, அவ பேருக்கே எழுது"ன்னுட்டான். திங்கக்கிழமை மேலூர் போய் விஏஓவைப் பார்க்கறேன்னிருக்கான்.

டாக்டர் லெட்டர் கேட்டிருக்கோம், ஒரு வாரம் ஆகும்னாங்க. அக்கா முகவரிக்கு லைசென்ஸ் 2023லதான் மாத்தியிருக்கா, அதுக்கு முன்னாடி அஞ்சு மாசத்துக்கு காகிதம் இல்லாம தவிச்சுட்டிருந்தோம். நேத்து ராத்திரி அலமாரில அம்மா மாத்திரை வாங்கின ஃபார்மசி பை ஒண்ணுல 2022 செப்டம்பர் 9 தேதி ரசீது, வாங்கினவர் கையெழுத்துல அக்கா பேர். அந்த மாதிரி இன்னும் ஏழு ரசீது கிடைச்சிருக்கு. நெல்லைச்சீமை அண்ணே, இதையும் வச்சுக்கலாம்தானே?

நெல்லைச்சீமை:

எல்லாத்தையும் வைங்க. நாள் வாரியா அடுக்கி, ஜெராக்ஸ் எடுத்துட்டு ஒரிஜினலை அக்காகிட்டயே கொடுத்துருங்க. மாத்திரை வாங்கின கடைல பழைய கணக்கு பிரிண்ட் கேட்டா கொடுப்பாங்க, அதையும் கேளுங்க, ரசீது மை மங்கிப் போயிருக்கும்.